வரிசை வீட்டு வானொலி

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே குவாட்டர்ஸில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரை போகாது. காற்றோட்டத்துக்காக மேலே கொஞ்சம் திறந்து விட்டிருந்தார்கள். காற்று வந்ததோ இல்லையோ, சத்தம் தாராளமாக வந்தது. மூன்றாவது வீட்டில் என்ன தாளிக்கிறார்கள், ஐந்தாவது வீட்டில் எந்தப் பிள்ளைக்கு ரோத்தான் அடி விழுகிறது என்பதெல்லாம் வரிசை முழுக்கத் தெரியும். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் குரலைத் தாழ்த்தித்தான் போடுவார்கள். கோபம் முற்றிவிட்டால் அம்மா எழுந்துபோய் வானொலியைக் கூட்டி வைப்பார். வானொலி இருந்த எல்லா வீட்டிலும் இதே உத்திதான். ஆகவே நேரங்கெட்ட நேரத்தில் யார் வீட்டு வானொலியாவது உரக்கப் பாடினால், மற்ற வீடுகளில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

வானொலி இல்லாத வீட்டுக்கும் வானொலி இருந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஒரு வீட்டில் திருகினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். காலையில் செய்தி முடிந்து பாட்டு தொடங்குகிற நேரத்தை வைத்துத்தான் எங்கள் வரிசையில் பசியாறினார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விரட்டினார்கள். சுவர்க்கடிகாரத்தை யாரும் நம்பியதாக நினைவில்லை.

ரேடியோ மலாயா 1946இல் தொடங்கிய காலத்திலிருந்து தமிழுக்கு அதில் ஓர் இடம் இருந்துவந்தது. எங்கள் காலத்தில் அது ரேடியோ மலேசியாவின் இந்தியப் பகுதி. பிறகு ஆறாவது வானொலி ஆனது. இப்போது மின்னல் எஃப்.எம். பெயர் எத்தனை மாறினாலும் அம்மாவுக்கு அது கடைசி வரை 'நம்ம ரேடியோ'தான். நேயர் விருப்பத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அட்டை எழுதிப் போடுவது அக்காவின் பொழுதுபோக்கு. வரிசையில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தாலும் அட்டை எழுதுகிற வேலை அவளுக்குத்தான் வரும். வாழ்த்துகிறவர்களின் பட்டியலில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமன்மார், அத்தைமார் என்று ஒருவர் விடாமல் சேர்க்க வேண்டும். ஒரு பெரியப்பா பெயர் விட்டுப்போய் இரண்டு குடும்பங்கள் ஒரு தீபாவளி முழுக்கப் பேசாமல் இருந்ததும் உண்டு. காப்பார், ஜெராம், பந்திங், தெலுக் ஆன்சன், சுங்கை சிப்புட் என்று அறிவிப்பாளர் ஊர்ப் பெயர்களையும் தோட்டப் பெயர்களையும் வாசித்துக்கொண்டே போவார். நாட்டு வரைபடத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அந்த ஊர்களெல்லாம் காது வழியே வந்துவிட்டன.

1971 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. கோலாலம்பூரே மூழ்கியது. கிள்ளான் ஆற்றுக்கு இத்தனை கிட்டத்தில் இருக்கிற பிரிக்பீல்ட்ஸ் மட்டும் தப்புமா? மின்சாரம் நின்றுபோனதால் பெட்டி வானொலிகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. எங்கள் வரிசையில் பேட்டரியில் ஓடுகிற கையடக்க டிரான்சிஸ்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யாழ்ப்பாணத்து மாமாவுடையது. மேடான ஒரு வீட்டுத் திண்ணையில் அதை நடுவில் வைத்து வரிசையே சுற்றி உட்கார்ந்திருந்த காட்சி அப்படியே நினைவில் இருக்கிறது. தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எட்டிப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் அதை வானொலி சொன்ன பிறகுதான் பெரியவர்கள் நம்பினார்கள்.

அந்த மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கும் நிலைய வேலைக்கும் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வந்த ஊர் இது. ஜாலான் ஸ்காட்டில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியதுதான். மாமா வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போவார். மற்ற நாள்களில் அவருக்குக் கோயில் வீட்டுப் பின்கட்டில் இருந்த மேசைதான். மேசை முழுக்கத் திறந்து போட்ட வானொலிகள், ஈயம் பற்றவைக்கிற கோல், கம்பிச் சுருள், வால்வுகள். மாமரத்திலிருந்து கூரை வரைக்கும் ஒரு கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார். அதுதான் அவருடைய ஏரியல். இரவில் சிற்றலையைத் திருகிக்கொண்டே இருப்பார். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே திடீரென்று ஒரு தமிழ்க் குரல் எழும்பும். "பொறு ராசா, லண்டன் பிடிபடுது," என்பார். பிபிசி தமிழோசையை நான் முதலில் கேட்டது அந்தப் பின்கட்டில்தான்.

கேட்டதோடு அவர் விடுவதில்லை. எந்த நிலையம், எந்த அலைவரிசை, எத்தனை மணி, ஒலி எவ்வளவு தெளிவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அந்த விவரத்தைக் கடிதமாக எழுதி அந்தந்த நாட்டு நிலையத்துக்கு அனுப்பினால், ஆமாம், நீங்கள் கேட்டது எங்கள் ஒலிபரப்புதான் என்று அழகான ஓர் அட்டை அனுப்புவார்கள். உலகம் முழுக்க இருந்த பொழுதுபோக்கு அது. மாமாவிடம் அப்படி ஒரு பெட்டி நிறைய அட்டைகள் இருந்தன. போகாத நாடுகளிலிருந்து கடிதம் வருகிற மனிதர் என்று எங்களுக்கெல்லாம் அவர்மேல் ஒரு பிரமிப்பு. வரிசையில் எது கெட்டுப்போனாலும் அவர்தான் பார்ப்பார்: மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, சைக்கிள் விளக்கு. கூலி ஒரு கிளாஸ் தே. அதிலும் சீனி குறைவு என்று ஒரு குறை சொல்லாமல் குடிக்க மாட்டார்.

ஒலிநாடா வந்தபோது அதை முதலில் வாங்கியது அப்பா. எழுபதுகளின் பிற்பகுதி அது. பாட்டுக் கேட்கத்தான் வாங்கினார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் வாங்கியது கடிதம் எழுத. எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய அக்கா நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். அவருக்கு யாராவது கடிதம் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கிறவர் முன்னால் குடும்ப விஷயம் எல்லாவற்றையும் எழுதவும் முடியாது. ஒலிநாடாவில் பேசி அனுப்பினால் அந்த இடைஞ்சல் இல்லை. அங்கேயும் யாரோ சிங்கப்பூர் போய்வந்த ஒருவர் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடிதம் பதிவாகும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வானொலி அறிவிப்பாளர் மாதிரித் தொடங்குவார். "அன்புள்ள அக்காவுக்கு..." என்ற பிறகு அவருக்கு வார்த்தை வராது. அம்மா வாங்கிக்கொள்வார், விலைவாசி, கல்யாணம், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கோர்வையாகச் சொல்லிவிடுவார். அக்கா ஒரு தேவாரம் பாடுவாள். எனக்கு ஒரு திருக்குறள். பக்கத்து வீட்டில் விஷயம் தெரிந்து, "நாங்களும் ரெண்டு வார்த்தை சொல்றோம்லா," என்று வந்துவிடுவார்கள். பின்னால் ரயில் பெட்டிகளைக் கோக்கிற சத்தம் தடால் தடால் என்று எல்லா நாடாவிலும் பதிவாகியிருக்கும். அத்தை அனுப்பிய பதிலில், "அது என்னடா தம்பி, உங்க ஊர்ல எந்நேரமும் இடி இடிக்குது," என்று கேட்டிருந்தார்.

நாடாவைத் தபாலில் போடுவது அரிது. ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். அப்போது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான் தொட்டு ஓடிய கப்பல் எம்.வி. சிதம்பரம். அதற்கு முன்னால் ரஜூலா. போர்ட் கிள்ளானில் ஆள் ஏற்றிவிடப் போகும்போதெல்லாம் மைலோ டின், கைலி, கோடாலித் தைலம், இவற்றோடு எங்கள் குரலும் ஒரு பொட்டலமாகக் கட்டிப் போகும். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணிகள் கப்பல் காலமும் முடிந்தது. விமானத்தில் போகிறவர்களிடம் நாடா கொடுத்தனுப்பிப் பார்த்தோம். ஆனால் அதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. தொலைபேசியில் அத்தை அவசரமாகத்தான் பேசுவார். காசு போகிறதே என்ற பயம். நாடாவில் பேசிய நிதானம் அதில் இல்லை.

தொலைக்காட்சி எங்கள் வரிசைக்கு முதலில் வந்தது ரயில் ஓட்டுநராக இருந்த ஒருவர் வீட்டுக்கு. வாரத்தில் தமிழ்ப்படம் போடுகிற நாளில் அவர் வீட்டு வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்தால் ஏதோ விசேஷம் என்று நினைக்கத் தோன்றும். படத்தின் அடியில் மலாய் எழுத்து ஓடும். அதனால் எதிர் வரிசை மலாய்க்கார மக்சிக் ஒருவரும் தவறாமல் வருவார். நாங்கள் வசனம் கேட்டு அழுவோம். அவர் எழுத்தைப் படித்துவிட்டு எங்களுக்கு ஒரு நொடி முன்னாலேயே அழத் தொடங்கிவிடுவார். சோகம் வரப்போகிறது என்பதற்கு அவர்தான் எங்களுக்கு அறிகுறி. 1978 கடைசியில் நாட்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. எங்கள் வரிசைக்கு வண்ணம் வரச் சில வருடங்கள் பிடித்தன. வந்த பிறகும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் அதிகம் போட்டார்கள் என்பது வேறு கதை.

வீடியோ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாடாவை வாடகைக்கு எடுத்து இரவோடு இரவாக மூன்று படம் பார்த்துவிட்டு, காலையில் கண் சிவக்க வேலைக்குப் போன காலம் அது. ஜாலான் துன் சம்பந்தனில் இருந்த லிடோ தியேட்டர் போன்றவற்றுக்கு அதில் நல்ல அடி. லிடோவும் பிறகு இல்லாமல் போனது.

கிள்ளானில் எங்கள் பாட்டி வீடு. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிய ரயில் பாதை 1886இல் திறந்தது. சிலாங்கூரின் முதல் ரயில் பாதை அதுதான். அப்பாவுக்கு ரயில்வே பாஸ் உண்டு என்பதால் எங்களுக்குப் பள்ளி விடுமுறை என்றால் கிள்ளான்தான். பாட்டி வீட்டில் பாட்டியைவிட எனக்கு ஜாலான் தெங்கு கிளானாதான் முக்கியம். பழைய ஆட்கள் அதை ரெம்பாவ் ஸ்ட்ரீட் என்பார்கள். அஞ்சடியில் நடந்தால் மல்லிகைச் சரம், வடைச் சட்டி, துணிக்கடை, நகைக்கடை, நடுவில் பாட்டுக்கடை. ஒவ்வொரு பாட்டுக்கடையும் ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருக்கும். ஒரு கடை சுசீலாவைப் பாடவிட்டால் எதிர்க்கடை டி.எம்.எஸ்ஸைப் பாடவிடும். நடுத்தெருவில் நின்றால் இரண்டும் கலந்து யாருமே இசையமைக்காத ஒரு பாட்டு கேட்கும். தீபாவளி நெருங்கினால் இந்தப் போட்டி உச்சத்துக்குப் போய்விடும்.

ஒரு கடையில் வெற்று நாடாவும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிவு செய்து தருவார்கள். பட்டியல் தயாரிப்பது பெரிய கலை. அறுபது நிமிட நாடா என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஏழு பாட்டு உறுதி, எட்டாவது பாட்டு பாதியில் வெட்டுப்படலாம். சின்ன மாமா இதில் கணக்குப் புலி. பாட்டின் நீளத்தை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்து, கடைசிப் பாட்டு முடியவும் நாடா முடியவும் சரியாக இருக்கும்படி அடுக்குவார். பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமை நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போதுகூட அவர் வாய் ஏதோ முணுமுணுக்கும். பாட்டி அதை நாமாவளி என்று நினைத்துப் பூரித்துப்போவார்.

அப்பாவுக்குப் பிற்காலத்தில் எழுத்து ஆசை வந்தது. தமிழ் நேசன் நாளிதழில் வாசகர் கடிதம் எழுதுவார், அவ்வப்போது சிறுகதையும் எழுதிப் பார்ப்பார். எல்லாம் கைப்பிரதிதான். ஆங்கிலத் தட்டச்சு இயந்திரம் அலுவலகத்துக்கு அலுவலகம் இருந்தது. தமிழ்த் தட்டச்சு இயந்திரம் வீட்டில் வைத்திருந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அழகான கையெழுத்து இல்லாதவன் தமிழில் எழுத்தாளனாக முடியாது என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். அச்சுக்கோக்கிறவர் மனம் வைத்தால்தான் கதை பிழையில்லாமல் வரும் என்பதும் அவருடைய அனுபவம்.

அந்த நிலைமையை மாற்றிய வேலை எங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நடந்தது என்பதில் எனக்கு ஊர்ப்பெருமை உண்டு, மறைக்கவில்லை. கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் பிறந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைக் கொண்டுவந்தார். பிறகு அது முரசு அஞ்சல் ஆனது. தட்டச்சு படிக்காதவரும் ஒலியை அப்படியே ஆங்கில விசைகளில் தட்டினால் திரையில் தமிழ் வந்து நிற்கும். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில் நடந்தது. 2005இல் முத்து நெடுமாறனின் செல்லினம் மூலம் கைப்பேசிக்கும் தமிழ்க் குறுஞ்செய்தி வந்துசேர்ந்தது. இன்று உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரு தமிழர் கைப்பேசியில் விரலால் தமிழ் எழுதுகிறார் என்றால், அந்தக் கதையில் கேரித் தீவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. செம்பனைக்கும் நண்டுக்கும் மட்டும் பேர்போன இடமில்லை அது.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு தம்பி ஒரு கணினி வாங்கி வைத்தான். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் கிறீச்சிட்டுக்கொண்டு வந்த காலம். அப்பா ஒரே விரலால், ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு வீதம், தன் பெயரைத் தமிழில் தட்டினார். அச்செடுத்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுதிய கதை எதையும் அவர் கையால் எழுதவில்லை. கதை முன்னைவிட நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள்.

இதற்குள் எங்கள் வரிசை இல்லாமல் போயிருந்தது. பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கிற பழைய ரயில் முற்றம் இருந்த நிலத்தில் கேஎல் சென்ட்ரல் எழும்பி 2001இல் திறந்தது. சுற்றியிருந்த குவாட்டர்ஸ் வரிசைகளில் பல அதற்கு முன்னும் பின்னுமாக இடிந்தன. நூற்றாண்டுக்கு முந்தைய 'நூறு குவாட்டர்ஸ்' வரிசைகளும் பின்னால் விழுந்தன. ஆட்கள் பூச்சோங், ஷா ஆலாம், கிள்ளான் தாமான்கள் என்று பிரிந்து போனார்கள். எங்களுக்குக் கிடைத்தது அடுக்குமாடியில் ஒரு வீடு. தரையும் சுவரும் நல்ல உறுதி. கூரை வரைக்கும் சிமெண்ட். குடிபோன முதல் வாரம் அம்மா தூங்கவில்லை. "ஒரு சத்தமும் இல்லடா, எல்லாரும் செத்துப்போய்ட்ட மாதிரி இருக்கு," என்றார்.

1996இல் செயற்கைக்கோள் தொலைக்காட்சி அஸ்ட்ரோ வந்தது, அதில் தமிழுக்கு வானவில் வந்தது. வீட்டுக்கு வீடு தட்டு வைத்தார்கள். நாள் முழுக்கத் தமிழ் கிடைத்ததும் வாரத்தில் ஒரு நாளைக்காகக் காத்திருக்க என்ன அவசியம்? இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் ஒருவர் சொல்கிறார்: இந்தக் கைப்பேசி வந்துதான் மனுசனுக்கு மனுசன் பேசுறது போச்சு. நான் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் வரிசையில் வந்த ஒவ்வொரு இயந்திரமும் முதலில் ஊர்ச்சொத்தாகத்தான் இருந்தது. டிரான்சிஸ்டரும் சரி, டேப் ரிக்கார்டரும் சரி, ஒருவர் வாங்கினார், பத்துக் குடும்பம் அனுபவித்தது. அந்த வரிசையைக் கலைத்தது கைப்பேசி இல்லை. நில விலையும் கட்டட வரைபடமும்தான். பேச ஆள் இல்லாத இடத்தில் குடியேற்றிவிட்டு, கையில் இருக்கிற கருவியைத் திட்டுவது நியாயமில்லை. அம்மா தன் கடைசி வருடங்களில் பழைய வரிசை ஆட்களோடு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பித்தான் பேசிக்கொண்டிருந்தார். பூச்சோங்கிலிருந்து ஒருவர் இருமினால் கிள்ளானில் ஒருவர் சுக்குக் கசாயம் சொல்வார். நடுச்சுவரில் விட்டிருந்த இடைவெளியை அவர் திரும்பக் கண்டுபிடித்தது அந்தக் கருவியில்தான்.

பிரிக்பீல்ட்ஸுக்கு இப்போது போனால் லிட்டில் இந்தியா. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தபோது தெருவுக்கு வளைவு வைத்து வண்ணம் பூசினார்கள். எனக்கு அந்த ஜரிகை வேலை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் பாட்டுக்கடை ஸ்பீக்கர் தெருவைப் பார்த்து இருக்கிற வரை குறை சொல்ல மாட்டேன். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் வெள்ளைக்கோல் தட்டிக்கொண்டு போகிறவர்களை அன்றும் பார்த்தோம், இன்றும் பார்க்கிறோம். இன்று அவர்கள் கைப்பேசி செய்தி வாசித்துக் காட்டுகிறது, வழி சொல்கிறது. யாழ்ப்பாணத்து மாமா இருந்திருந்தால் ஒன்றைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்திருப்பார்.

அம்மா போன பிறகு வீட்டை ஒதுக்கும்போது பிஸ்கட் டின்னில் ஒலிநாடாக்கள் கிடைத்தன. அத்தை அனுப்பிய பதில்கள், நாங்கள் பேசி அனுப்பாமல் விட்டவை, சின்ன மாமாவின் பாட்டு அடுக்குகள். பாதிக்கு மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு ஒலிநாடா அதிக காலம் தாங்காது. தெரிந்த ஒருவர் உதவியோடு தேறியவற்றைக் கணினியில் ஏற்றினேன். ஒன்றில் ஒரு கிழவி தாலாட்டுப் பாடுகிறார். நடுவில் யாரையோ 'சும்மா இரு' என்று அதட்டுகிறார். யார் அவர் என்று சொல்ல எங்கள் வரிசையில் இப்போது ஆள் இல்லை.

உங்கள் வீட்டு அலமாரி மேலும் இப்படி ஒரு டின் இருக்கும். பூஞ்சை பிடித்ததை உடனே கருவியில் போட்டு ஓட்டாதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும். துடைத்துச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பவற்றைப் பெரியவர்களை உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். யார் குரல், எந்த வருடம், எந்த வீடு என்று ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டியிலேயே போடுங்கள். கணினியில் ஏற்றுவதை அடுத்த மாதம்கூடச் செய்யலாம். பெயர் எழுதுவதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.